ஸ்டார்ட்... காமிரா... காரைக்கால்!

காரைக்காலில் பிறந்தவனுக்கு சினிமா ரத்தத்திலேயே ஊறியிருக்கும் என்பது என் தியரி. சிரிக்காமல் கேளுங்கள்.

வணிகன் பரமதத்தன் கடையிலிருந்து வீட்டுக்கு இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்புகிறான். மனைவி புனிதவதி ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குக் கொடுத்துவிடுகிறாள். மற்றதைச் சாப்பிட்ட புருஷன், 'பிரமாதம், இன்னொன்றையும் கொண்டா' என்கிறான். அந்த அம்மாள் உள்ளே போய்க் கையேந்துகிறாள். வெறும் கையில் பழம்! புருஷன் நம்பாமல் மறுபடி கேட்க, இன்னொன்று வந்து, அவன் கைக்குப் போனதும் மறைந்தும் விடுகிறது. 1896-ல் பிரான்சில் ஜார்ஜ் மெலியஸ் என்ற மேஜிக்காரர் காமிராவை நிறுத்தி, ஆளை நகர்த்திவிட்டு, மறுபடி ஓட்டி ஒரு பெண்மணியை மாயமாக மறைத்துக் காட்டினார். எங்கள் காரைக்கால் அம்மையார் அதைப் பல நூற்றாண்டு முன்னாலேயே, காமிரா செலவில்லாமல் செய்து முடித்துவிட்டார். அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. மெலியஸுக்கு ஐடியா எங்கிருந்து போயிருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

இந்தத் தியரியைச் சொல்லித்தான், 1995-ல் சென்னையில் ஒரு கல்லூரியில் மீடியா படிக்க அப்பாவிடம் அனுமதி கேட்டேன்.

"எத்தனை வருஷம்?"

"மூணு வருஷம்பா."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம்... பார்க்கலாம்பா."

அப்பா காரைக்காலில் அரசாங்க குமாஸ்தா. 'பார்க்கலாம்' என்று எழுதின ஃபைல் எந்த அலமாரியில் போய்ப் படுக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கையெழுத்துப் போட்டார்.

கல்லூரியில் முதலில் செய்தது, எனக்கு சினிமா பார்க்கும் சுகத்தைப் பிடுங்கியதுதான். 'பதேர் பாஞ்சாலி'யில் அக்காவும் தம்பியும் நாணல் பூக்களுக்கு நடுவே ரயில் பார்க்க ஓடுகிற காட்சியைப் போட்டார் எங்கள் வாத்தியார். நாங்கள் கண் கலங்கத் தயாரானபோது டி.வி.யை அணைத்துவிட்டு, "நோட்டை எடுங்க" என்றார். ஐந்து கட்டம் போடவேண்டும். ஷாட் நம்பர், தூரமா கிட்டவா, எத்தனை விநாடி, காமிரா நகர்கிறதா, காதில் என்ன கேட்கிறது. அன்றிலிருந்து தியேட்டரில் விரல் விட்டு ஷாட் எண்ண ஆரம்பித்தேன். கதாநாயகி சாகக் கிடக்கும்போது நான் "பதினேழு" என்று முணுமுணுத்ததற்குப் பக்கத்து சீட்டுக்காரர் பார்த்த பார்வை இருக்கிறதே, அது அருமையான குளோசப்.

வாத்தியார் கதையும் சொல்வார். சத்யஜித் ரே அப்போது விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தார். நம்மைப் போல ஆபீஸ் போகிற மனுஷன்தான். ஞாயிற்றுக்கிழமைதான் ஷூட்டிங். 1952-ல் அந்த நாணல் காட்சியைக் கொஞ்சம் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால், பூவையெல்லாம் மாடு தின்றுவிட்டிருந்தது. மறுபடி பூக்கும்வரை காத்திருந்து எடுத்தார். பணம் தீர்ந்தபோது இன்சூரன்ஸ் பாலிசியும் மனைவியின் நகைகளும் போயின. 1955-ல் படம் வந்தது. "யாரோ ஒருத்தர் வீட்டுல ஏதோ ஒண்ணு அடகுக்குப் போகாம எந்தப் படமும் முடியறதில்லப்பா" என்பார் வாத்தியார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். என்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று தெரியாமல்.

1997-ல் மூன்றாம் வருஷம். சொந்தமாக ஒரு குறும்படம் எடுத்துத் தரவேண்டும். எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. ஆனி பௌர்ணமி, மாங்கனித் திருவிழா! பிச்சாண்டவர் வீதியுலா வர, ஜனங்கள் வேண்டிக்கொண்டு மாடியிலிருந்து மாம்பழங்களை வீச, கீழே கூட்டம் பாய்ந்து பிடிக்கும். அதைப் பிடித்தால் பிள்ளை வரம் கிடைக்கும் என்பார்கள். எனக்கு பரிசு வரம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

வாடகைக்கு எடுத்த வி.ஹெச்.எஸ். காமிராவைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினேன். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்திருந்தார்.

"டிவிஎஸ் ஃபிஃப்டி எங்கப்பா?"

"ஒர்க்‌ஷாப்ல நிக்குது. வா, காலாற நடக்கலாம்."

விழாவன்று காலை, காமிராவைத் திண்ணையில் வைத்துவிட்டு இட்லி சாப்பிட்டேன். பிறகு நாள் முழுக்க பாரதியார் சாலையில் வெறிபிடித்த மாதிரி எடுத்தேன். அப்பா பையும் குடையுமாகக் கூடவே வந்தார். பறக்கும் மாம்பழம், பாயும் கைகள், பல்லக்கு. ஒவ்வொன்றும் அற்புதம்.

சென்னைக்குப் போய் டேப்பைப் போட்டுப் பார்த்தேன். மாம்பழத்தைக் காணோம். பல்லக்கைக் காணோம். சாமியைக் காணோம். மொத்தமும் தரை!

அந்தக் காமிராவில் ஒரே பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் ஓடும், மறு தடவை அழுத்தினால் நிற்கும். திண்ணையில் வைக்கும்போதே தெரியாமல் அழுத்தியிருக்கிறேன். அதன்பிறகு 'எடுக்கிறேன்' என்று நினைத்தபோதெல்லாம் நிறுத்தியிருக்கிறேன். நிறுத்தியதாக நினைத்துத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தபோதெல்லாம் எடுத்திருக்கிறேன். பதிவாகிறது என்று வியூஃபைண்டர் மூலையில் வரும் குட்டி எழுத்து, வியர்வையில் மங்கிப்போயிருந்தது.

ஆக, என்னிடம் இருந்தது கால்கள். ஆயிரம் ஜோடி. அவற்றோடு ஒட்டி நடக்கிற ஒரு ஜோடி எல்லா ஷாட்டிலும் வந்தது. வார் அறுந்து ஊக்கு குத்தின செருப்பு. அப்பா.

டேப்பின் ஆரம்பத்துக்குப் போனேன். திண்ணையிலிருந்து கோணலாக ஒரு ஷாட். டிவிஎஸ் வழக்கமாக நிற்கும் இடம். சிமெண்ட்டில் எண்ணெய்க் கறை மட்டும். ஓரத்தில் அதே செருப்பு. எதிர்வீட்டு மாமாவோடு அப்பா பேசுகிற குரல் கேட்டது.

"வண்டிய குடுத்துட்டேன்பா. கடைசி வருஷ ஃபீஸ், பாதில நிக்கக்கூடாதுல்ல? பையன்கிட்ட ஒர்க்‌ஷாப்னு சொல்லிருக்கேன். நீ பாட்டுக்கு உளறி வெச்சுராத."

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் இரண்டாவது சட்னி கேட்பதும் பின்னணியில் தெளிவாகப் பதிவாகியிருந்தது.

மறுநாள் வாத்தியாரிடம் போட்டுக் காட்டினேன். பார்த்து முடித்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "படம் இருக்குப்பா" என்றார்.

"அந்தக் குரலையும் வெச்சுடலாமா சார்? ஹால்ல எல்லாரும் அழுதுடுவாங்க."

"அழுவாங்க. ஆனா அவர் உன்கிட்டயே சொல்லாததை ஊருக்குச் சொல்ல உனக்கு யார் உரிமை குடுத்தா? எதை ஒட்டணும்னு கத்துக்க மூணு வருஷம் போதும். எதை வெட்டணும்னு கத்துக்கத்தான் நாளாகும்."

குலஷோவ் என்று ஒரு ரஷ்யக்காரர் பற்றிப் பாடத்தில் படித்திருந்தேன். ஒரு நடிகரின் ஒரே முகத்தை சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் பசி. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் துக்கம். முகம் மாறவேயில்லை, பக்கத்து ஷாட்தான் மாறியது. பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணின சமாசாரம் அன்று ராத்திரி எடிட்டிங் அறையில்தான் புரிந்தது. கூட்டத்துக்குப் பிறகு அப்பாவின் செருப்பை வைத்தால், சாமி பார்க்க வந்த ஒரு பக்தர். எண்ணெய்க் கறைக்குப் பிறகு அதே செருப்பை வைத்தால்... என்னால் ஸ்கிரீனைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு வி.சி.ஆரை இணைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வரிசையாகப் பதிவு செய்கிற காலம் அது. நடுவில் ஒரு ஷாட்டை நுழைக்க ஆசைப்பட்டால், அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து ஒட்டவேண்டும். இப்போது என் மகள் செல்போனில் கட்டை விரலால் செய்வதற்கு எனக்கு நான்கு ராத்திரி ஆயிற்று. ஏழு நிமிஷப் படம். கறை இருந்தது, செருப்பு இருந்தது. குரல் இல்லை. பெயர், 'தரை'. பரிசெல்லாம் கிடைக்கவில்லை. பாஸ் மார்க்குக்கு மேலே கொஞ்சம் கிடைத்தது.

காரைக்கால் போய் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு, ஃபைல் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஏன்டா, திருவிழாப் படத்துல சாமியவே காணோமே?"

"கீழேருந்து பார்த்தாப் புரியும்பா."

"ம்ம்" என்றார். அப்புறம், "அந்தச் செருப்பு மட்டும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் படித்த விமரிசனங்களிலேயே அதுதான் சிறந்தது.

நான் டைரக்டர் ஆகவில்லை. கம்பெனி ஒன்றில் பயிற்சிப் படங்கள் எடுக்கும் ஆபீஸ் உத்தியோகம் கிடைத்தது. ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, செகண்ட் ஹாண்டில் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி வாங்கிக் கொண்டுபோய், அந்த எண்ணெய்க் கறை மேலேயே நிறுத்தினேன்.

"ரிப்பேர் முடிஞ்சிருச்சாம்ப்பா. ஒர்க்‌ஷாப்ல குடுத்தாங்க."

அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஸீட்டைத் தட்டிப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் பண்ணிருக்கான்" என்றார். "கலரைக்கூட மாத்திட்டானே!"