டிரிம்: ஆட்டோவா, மேனுவலா?

டிரிம் என்றதும் தாடி பற்றிய பதிவு என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். :-) இது போர் விமான சிமுலேட்டர்களில் வருகிற டிரிம். எங்கள் ஹாஸ்டலில் இதை வைத்து ஒரு ராத்திரி முழுக்க வாய்ச்சண்டை நடந்தது. "ஆட்டோ டிரிம் போட்டுட்டுப் பறக்கறதெல்லாம் ஒரு பறப்பாடா?" என்றது ஒரு கட்சி. "எதிரியைச் சுடறதை விட்டுட்டு எவன்டா மாப்ள சக்கரத்தைத் திருகிட்டு உட்காருவான்?" என்றது இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

காங்கேயம் பக்கத்து ஆட்களுக்கு டிரிம்மை இரண்டே வார்த்தையில் புரிய வைத்துவிடலாம்: முன்பாரம், பின்பாரம். மாட்டு வண்டியில் மூட்டை முன்னால் அதிகமாகிவிட்டால் நுகத்தடி காளையின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். எங்கள் அப்பாரு வண்டி ஓட்டிய காலத்தில் மூட்டையை அரை அடி முன்னே பின்னே நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாராம். மேடு வந்தால் முன்னால் நகர்ந்து உட்காருவார், இறக்கம் வந்தால் பின்னால் போவார். காளையின் பலம் இழுப்பதற்குப் போக வேண்டும், சுமப்பதற்குப் போகக் கூடாது. கணக்கு அவ்வளவுதான்.

விமானத்தில் காளையின் இடத்தில் இருப்பது பைலட்டின் கை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நேராகப் பறக்கும்படி சரிசெய்து வைத்த விமானம், வேகம் கூடினால் மூக்கைத் தூக்கும், குறைந்தால் மூக்கைத் தாழ்த்தும். ஒவ்வொரு முறையும் குச்சியைத் தள்ளியும் இழுத்தும் பிடித்துக்கொண்டே இருந்தால் பத்தே நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். அந்த அழுத்தத்தைக் கையிலிருந்து எடுத்து வால் பக்கத்தில் வைப்பதுதான் டிரிம்.

இரண்டாம் உலகப்போர் விமானங்களில் இது எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இல்லை. பி-51 மஸ்டாங்கில் மூன்று அச்சுக்கும் காக்பிட்டிலேயே டிரிம் உண்டு. ஸ்பிட்ஃபயரில் எலிவேட்டருக்கும் ரடருக்கும் உண்டு, இறக்கையின் எய்லரானுக்குக் கிடையாது. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் பின்புறக் கிடைவால் முழுவதையும் ஒரு சக்கரத்தால் சாய்க்கலாம். ஆனால் ரடருக்குப் பறக்கும்போது டிரிம் கிடையாது. தரையில் இருக்கும்போதே ஒரு சின்னத் தகட்டை வளைத்து வைத்து அனுப்புவார்கள். மற்ற வேகங்களில் எல்லாம் பைலட்டின் கால்தான் டிரிம். அதிவேக டைவில் 109-இன் குச்சி கல்லாக இறுகிவிடும். அப்போது அந்தச் சக்கரத்தைத் திருப்பித்தான் பலர் மேலே வந்தார்கள்.

இந்த வித்தியாசம் சிமுலேட்டரில் சுடும்போது தெரியும். டைவில் வேகம் கூடக் கூட விமானம் ஒரு பக்கமாக வழுக்கும், கருவிப் பலகையில் உள்ள பந்து நடுவை விட்டு ஓடும். பந்து ஓரத்தில் இருக்கும்போது சுட்டால், குறி எதிரி மேல் இருந்தாலும் குண்டு பக்கத்தில் போகும். "குறி சரியாத்தான் இருந்துச்சு, ஏன் படலை?" என்று புலம்புகிற பலருக்குப் பதில் இதில் இருக்கிறது.

வார் தண்டரில் மௌஸை வைத்துப் பறந்தால், உள்ளே ஒரு கண்ணுக்குத் தெரியாத வாத்தியார் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறார். நீங்கள் எங்கே போக வேண்டும் என்று காட்டினால் போதும். ஐ.எல்-2, டி.சி.எஸ். மாதிரி விளையாட்டுகளில் பழைய விமானத்தை ஜாய்ஸ்டிக்கில் ஓட்டினால் அந்த வாத்தியார் லீவு.

மேனுவல் கட்சிக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் மேஜையில் வைத்திருப்பது ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக். நிஜ விமானத்தில் குச்சியை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு, கையில் உள்ள அழுத்தம் மறையும் வரை டிரிம் செய்வார்கள். நம் ஜாய்ஸ்டிக்கில் டிரிம் செய்யச் செய்ய குச்சியை நடுவுக்குத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். ஆக "நான் மேனுவல், அதனால் நிஜம்" என்று காலரைத் தூக்குவதற்கு இடமில்லை. நம் கைக்கு எட்டுவது அசலின் ஒரு நிழல்தான்.

அதே மாதிரி ஆட்டோ என்றாலே ஏமாற்று வேலை என்பதும் தப்பு. காங்கேயத்திலிருந்து பல்லடம் வழியாகக் கோவை போகிறவர்களுக்கு சூலூர் விமானப்படைத் தளம் தெரியும். விமானப்படையின் 18-ஆம் ஸ்க்வாட்ரன் 2020 மே 27 அன்று அங்கேதான் தேஜஸ் விமானங்களுடன் மறுபடி உயிர் பெற்றது. 2001 ஜனவரி 4-இல் முதன்முதலாகப் பறந்த தேஜஸ், வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்கப்பட்டது. நான்கு தடப் பறப்புக் கணினி ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பதால்தான் அது நேராகப் பறக்கிறது. இந்த வகை விமானங்களில் வேகம் மாறும்போது மூக்கைச் சமன் செய்வது பெரும்பாலும் கணினியின் வேலை. அங்கே ஆட்டோதான் நிஜம்.

இதே 18-ஆம் ஸ்க்வாட்ரன் 1971-இல் ஓட்டியது நாட் என்ற குட்டி விமானம். அந்த ஆண்டு டிசம்பர் 14-இல் ஸ்ரீநகருக்கு மேல் போரிட்டு உயிர்நீத்த நிர்மல் ஜித் சிங் செகோன் இந்த ஸ்க்வாட்ரன்காரர்தான், பரம்வீர் சக்ரா பெற்றவர். நாட்டின் மேல்-கீழ் கட்டுப்பாடு பைலட்டுகளுக்குத் தொல்லை கொடுப்பதில் பேர் போனது. ஹெச்.ஏ.எல். அதை மேம்படுத்தி அஜீத் என்று செய்தபோது இதைச் சரிசெய்வதும் ஒரு முக்கிய வேலை. ஒரே ஸ்க்வாட்ரன் பெயரில் இரண்டு உலகங்கள்!

சரி, எது உசத்தி? அதற்கு முன் விளையாட்டுக்கு வெளியே நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

போயிங் 737 மேக்ஸில் எம்காஸ் என்று ஒரு மென்பொருள் இருந்தது. மூக்கு அதிகம் தூக்குகிறது என்று ஒரே ஒரு சென்சார் சொன்னால் போதும், பைலட்டைக் கேட்காமல் தானே வாலை டிரிம் செய்து மூக்கைக் கீழே தள்ளும். அப்படி ஒன்று இருப்பதே பைலட்டுகளின் கையேட்டில் இல்லை. 2018 அக்டோபர் 29-இல் இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானத்தின் சென்சார் பொய் சொன்னது. டில்லிக்காரரான கேப்டன் இருபது தடவைக்கு மேல் எதிர்ப்பக்கமாக டிரிம் செய்து விமானத்தைப் பிடித்து வைத்திருந்தார். பிறகு கட்டுப்பாட்டைத் துணை விமானியிடம் கொடுத்தார். விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். 2019 மார்ச் 10-இல் எத்தியோப்பியாவில் 157 பேர். அங்கே விமானிகள் மின் டிரிம்மைத் துண்டித்துவிட்டார்கள். ஆனால் அந்த வேகத்தில், காற்றின் அழுத்தத்துக்கு எதிராக, கையால் அதைச் சரிசெய்ய முடியவில்லை.

இங்கே பழி தானியங்கி மேல் இல்லை. தேஜஸிலும் தானியங்கிதான் இருக்கிறது. ஓட்டுகிறவனுக்குச் சொல்லாமல் அவன் கைக்கு அடியில் வேலை செய்த தானியங்கிதான் பிரச்சினை. டிரிம் அழுத்தம் என்பது வெறும் தொந்தரவு அல்ல, ஒரு செய்தி. குச்சி முன்னே இழுக்கிறதா, பின்னே தள்ளுகிறதா என்பதை வைத்தே "வேகம் மாறிவிட்டது, கவனி" என்று விமானம் சொல்லிவிடும். ஆட்டோ டிரிம் தொந்தரவை எடுக்கும்போது செய்தியையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பதில் அந்தச் செய்தி வேறு எங்கே கிடைக்கும் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் என் சிபாரிசு இது. எந்த விமானமோ அதன் வழியில் ஓட்டுங்கள். ஸ்பிட்ஃபயர் என்றால் மேனுவல், எஃப்-16 என்றால் கணினி. ஆனால் பழகுவது முதலில் மேனுவலில் இருக்கட்டும். எஞ்சின் சக்தியை வையுங்கள், மூக்கைக் குச்சியால் பிடியுங்கள், வேகம் நிலைக்கும் வரை காத்திருங்கள், கடைசியில் டிரிம். டிரிம்மை வைத்து விமானத்தைத் திருப்பப் பார்க்காதீர்கள், அது குச்சியின் வேலை.

இதைப் பழகினவர்களுக்குக் கணினி விமானங்களும் கூடுதலாகப் புரியும். எஃப்-16-இல் ஒரு பக்க இறக்கையிலிருந்து மட்டும் குண்டு போனால் விமானம் மறுபக்கம் சாயும். அதைக் கையால்தான் டிரிம் செய்ய வேண்டும். எஃப்/ஏ-18 மேலே இருக்கும்வரை தானே பார்த்துக்கொள்ளும். சக்கரத்தையும் ஃபிளாப்பையும் இறக்கியதும் டிரிம் பொத்தான் மறுபடி பைலட்டின் பொறுப்பு. 8.1 டிகிரி தாக்குகோணத்துக்கு அதை அழுத்தி வைத்துவிட்டு, பிறகு த்ராட்டிலால் இறங்க வேண்டும். கப்பலின் சின்ன ஓடுதளம் எதிரே வந்துகொண்டிருக்கும் அந்த நிமிடத்தில்தான், ஆட்டோவையே நம்பிப் பறந்தவனும் மேனுவலில் பழகியவனும் யார் யார் என்று தெரியும்.