ரசீது இல்லாத அன்பு

அம்மாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், கிள்ளானில் ஒரு நிலையத்தில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அந்தச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். கோலாலம்பூரில் கணக்காளர் வேலை. கட்ட முடிகிறது, கட்டுகிறேன்.

இதில் என்ன குறை என்று கேட்பீர்கள். குறை பணத்தில் இல்லை, ரசீதில் இருந்தது.

ஒவ்வொரு மாதமும் பணம் கட்டியவுடன் ரசீதைப் படம் பிடித்துக் குடும்பப் புலனக் குழுவில் போடுவேன். கணக்கு எல்லாருக்கும் தெரிய வேண்டும் அல்லவா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் யாரும் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. சித்தி கைகூப்பும் படம் அனுப்புவார். மாமா, பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எழுதுவார். அண்ணன் மட்டும் எதுவும் எழுத மாட்டார். அந்த மௌனம் எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒருநாள் அண்ணன் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

அதே வாரம் அவருக்குக் காய்ச்சல். சனிக்கிழமை அம்மாவை நான் அழைத்துப் போனேன். தாதி என்னைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குப் பெரியவர் வரலையாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். என்னை அங்கே யாருக்கும் தெரியவில்லை. அம்மாவைப் படுக்க வைத்து, கையில் ஊசி ஏற்றி, இயந்திரத்தை ஓடவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அண்ணன் குரூப்பை விட்டுப் போயிட்டான், பார்த்தியா?"

"பார்த்தேன்மா. என்ன கோபமாம்?"

"கோபம் இல்லப்பா. ராத்திரி வேலை முடிச்சு வந்து, தூங்காம என்னைக் கூட்டிக்கிட்டு வந்து இங்க உட்கார்ந்திருக்கான். வாரத்துல மூணு நாளு. அவனுக்கு யாரு ரசீது கொடுக்கிறா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நான் சிறு வயதிலிருந்தே சபையில் வளர்ந்தவன். மலைப்பொழிவில் இயேசு சொன்ன எட்டுப் பாக்கியங்களையும் ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். இருதயச் சுத்தம் உள்ளவர்கள் கடவுளைக் காண்பார்கள் என்பது அதில் ஆறாவது. எனக்கு அது என்றுமே சிக்கலாகத் தோன்றியதில்லை. குடி இல்லை, சூது இல்லை, கெட்ட சகவாசம் இல்லை; ஆகவே இருதயம் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு மத்தேயு நற்செய்தியை எடுத்து, அந்தப் பகுதியிலிருந்து தொடர்ந்து வாசித்தேன். ஆறாம் அதிகாரத்தில் இயேசு எச்சரிப்பது தருமம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றைப் பற்றி. மூன்றுமே நல்ல செயல்கள். மற்றவர் காண வேண்டும் என்று செய்தால், அந்தப் பார்வையே அதற்கான கூலி. அதற்குமேல் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்கிறார். சித்தியின் கைகூப்பும் படமும் மாமாவின் பாராட்டும் நினைவுக்கு வந்தன. என் கூலியை மாதாமாதம் தவறாமல் வாங்கியிருக்கிறேன்!

சுத்தம் என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'கத்தரோஸ்'. அழுக்கில்லாதது என்பதோடு கலப்பில்லாதது என்றும் அதற்குப் பொருள் உண்டு. பாலில் சேரும் தண்ணீர் அழுக்கு அல்ல. ஆனாலும் அது கலப்படம்தான். யாக்கோபு தம் நிருபத்தில் இருமனம் உள்ளவர்களைப் பார்த்துத்தான் இருதயத்தைச் சுத்தமாக்கச் சொல்கிறார். அம்மா மீது எனக்கிருந்த அன்பு பொய்யில்லை. ஆனால் அதில் அண்ணனைவிட நான் உயர்ந்தவன் என்று காட்டும் ஆசையும் கலந்திருந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். "ரசீது போட்டதுக்கு மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"என் மகனும் அந்தக் குரூப்புல இருக்கான்டா. 'அப்பா, பாட்டிக்கு நாம ஏன் ஒண்ணும் கட்டலை'ன்னு கேட்டான்."

அந்தப் பையனுக்குப் பதினான்கு வயது. நான் ரசீது போடும்போது அவன் முகம் ஒருமுறைகூட எனக்கு நினைவுக்கு வந்ததில்லை.

வீடு திரும்பியதும் அண்ணனைப் புகழ்ந்து குழுவில் போட நீளமாக ஒன்று எழுதினேன். அனுப்பும்முன் வாசித்துப் பார்த்தேன். அதிலும் என் பெருந்தன்மைதான் பெரிதாகத் தெரிந்தது. அழித்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அண்ணன் மகனை மட்டும் என்னுடன் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அந்த நான்கு மணி நேரமும் அவன் பாட்டி அருகில் உட்கார்ந்திருந்தான். "உன் அப்பா வேலை முடிஞ்சு தூங்காம வந்து, இப்படித்தான் வாரத்துல மூணு தடவை உட்கார்றாரு. நான் கட்டுறது பணம் மட்டும்தான்" என்றேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அன்று அந்த இயந்திரத்தையும் கவனித்துப் பார்த்தேன். இரத்தம் வெளியே வந்து, வடிகட்டியின் வழியே ஓடி, கழிவும் மிகுதியான நீரும் நீங்கி, மறுபடி உடலுக்குள் போகிறது. நான்கு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் இரண்டு நாளில் கழிவு மீண்டும் சேர்ந்துவிடும். இன்று செய்தாயிற்றே என்று அம்மா அடுத்த தடவையைத் தவறவிட முடியாது. அது தானாகவும் நடக்காது. வேறொருவர் கையில் தன்னை ஒப்படைத்துப் படுக்க வேண்டும்.

இருதயமும் அப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன். பத்சேபாள் விஷயத்தில் நாத்தான் தீர்க்கதரிசி கண்டித்த பிறகு தாவீது ராஜா பாடியதாகச் சொல்லப்படும் 51ஆம் சங்கீதத்தில், தன் இருதயத்தைப் பழுதுபார்த்துத் தரும்படி அவர் கேட்கவில்லை. சுத்தமான ஒன்றைப் படைத்துத் தரும்படி கேட்கிறார். எபிரேயத்தில் அங்கே வரும் வினைச்சொல், வேதாகமத்தின் முதல் வசனத்தில் உலகப் படைப்புக்கு வரும் அதே சொல். தன்னால் ஆகாத காரியம் என்று தெரிந்துதான் ராஜா மன்றாடுகிறார்.

இப்போது ரசீதுகள் என் கோப்பில் மட்டும் இருக்கின்றன. சனிக்கிழமைகள் என் முறை. அன்று அண்ணன் தூங்குகிறார். ரசீது போடுவதை நிறுத்தியதற்காகவே என்னை நானே மெச்சிக்கொண்ட நாட்களும் உண்டு. அந்த நாட்களில் மறுபடி முழங்கால் போடுகிறேன்.

கடவுளைக் காண்பது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவரை, கூடப் பிறந்த அண்ணனைக்கூட நான் காணவில்லை. இப்போது அவரைக் காண்கிறேன். அந்த வழியின் தொடக்கம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.