வயதாகிவிட்டது என்னும் சொல்

களைப்பு, சோர்வு, அயர்வு, அசதி என்று நம் மொழியில் சொற்கள் பல உண்டு. கேட்பதற்கு இவை ஒன்றுபோல் தோன்றினாலும் அனுபவத்தில் வேறுவேறானவை. உழைத்தவருக்கு வருவது களைப்பு; ஓர் இரவு நன்றாக உறங்கி எழுந்தால் அது நீங்கிவிடும். உறங்கி எழுந்த பின்னும் நீங்காமல், விடியற்காலையிலேயே கைகால்களைப் பற்றிக்கொண்டு நிற்பது அசதி. முன்னது உழைப்பின் அடையாளம். பின்னது உடலில் ஏதோ ஒரு குறை உண்டென்னும் அறிவிப்பு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல், முதிய பெண்களின் அசதி முழுவதையும் ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் மூடி வைத்துவிடுகிறோம்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வருகின்றவர்கள் ஏரியையும் சேர்வராயன் கோயிலையும் கண்டு மகிழ்ந்து திரும்புகிறார்கள். வழியெங்கும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் நிற்கும் காப்பிச் செடிகளையும் காண்கிறார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அன்று தொட்டு இத்தோட்டங்களில் எத்தனையோ தலைமுறைப் பெண்களின் கைகள் உழைத்திருக்கின்றன. பழம் பறிக்கும் காலத்தில், பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும்; காய் பழுக்கப் பழுக்க ஒரே செடிக்குப் பலமுறை திரும்பி வரவேண்டும். சரிவில் கால் ஊன்றி நின்று பறித்து, நிறைந்த மூட்டையைச் சுமந்து மேடேறும் வேலை அது. நாற்பது ஆண்டுகள் அவ்வாறு உழைத்த முழங்கால்கள், அறுபது வயதில் தங்கள் கணக்கைக் கேட்கத் தொடங்குகின்றன.

இத்தகைய ஒரு மூதாட்டியை நான் அறிவேன். அவருக்கு அப்போது வயது 67. ஞாயிறு திருப்பலி முடிந்து மற்றவர்களெல்லாம் போன பின்னும் கடைசி இருக்கையிலேயே அமர்ந்திருந்தார். காரணம் கேட்டேன்.

“உடம்புல தெம்பே இல்ல சாமி. வீட்டிலேருந்து ஏறி வர்றதுக்குள்ள நாலு எடத்துல உக்காந்துட்டேன். வயசாச்சு, இனிமே என்ன? நல்ல சாவு வரணும்னு எனக்காக வேண்டிக்குங்க” என்றார்.

நல்ல மரணத்திற்காக மன்றாடுவது நம் மரபில் உள்ள அழகிய வழக்கம். ஆனால், அன்று அவர் முகம் இருந்த வெளுப்பு என்னைத் தயங்க வைத்தது. செவிலியர் பயிற்சி பெற்ற அருட்சகோதரி ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் பாட்டியின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெள்ளைத் தாள்போல் இருந்தது. மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பெண்களுக்கு இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின், அவருக்கு ஏழு கிராமே இருந்தது.

மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் ஆன பெண்ணுக்கு இவ்வளவு இரத்தம் குறைந்தால், அது எங்கோ கசிந்துகொண்டிருக்கலாம் என்றார். பிறகு அவர் கேட்ட கேள்வி, “முழங்கால் வலிக்கு என்ன சாப்பிடுறீங்கம்மா?” என்பது. பல ஆண்டுகளாகக் கடையில் வாங்கிய வலி மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. காலை மாத்திரை வெறும் வயிற்றில், வரக்காப்பியோடு. மலம் கறுத்துப் போவதுண்டா என்று அடுத்துக் கேட்டார். பாட்டி வெட்கத்தோடு தலையை ஆட்டினார். அதை அவரிடம் அதுவரை எவரும் கேட்டதில்லை. கேளாததைச் சொல்லும் வழக்கம் அவருக்கில்லை.

சேலத்திற்கு இறங்கிச் சென்று குழாய் விட்டுப் பார்த்ததில், இரைப்பையில் புண் இருப்பது தெரிந்தது. வலியை ஆற்ற உண்ட மாத்திரையே அப்புண்ணுக்குக் காரணம். துளித்துளியாய் இரத்தம் கசிய, அவரது வலிமையும் அதனோடு வழிந்து போயிருக்கிறது. அந்த மாத்திரையை நிறுத்தி, புண்ணுக்கு மருந்தும் இரும்புச்சத்தும் கொடுத்தார்கள். இரும்பு மாத்திரையைக் காப்பியோடும் தேநீரோடும் உண்டால் உடலில் சரியாகச் சேராது, எலுமிச்சைச் சாற்றோடு உண்டால் நன்கு சேரும் என்றும் விளக்கினார்கள். வாழ்நாளெல்லாம் காப்பி பறித்தவருக்கு இச்செய்தி வியப்பாக இருந்தது. சில மாதங்களில், நான்கு இடங்களில் உட்கார்ந்த வழியை அவர் உட்காராமல் ஏறி வந்தார். மூப்பு போய்விடவில்லை, முழங்கால் வலியும் முற்றிலும் நீங்கவில்லை. போனது அசதி மட்டுமே. அதை மூப்பு என்றே எல்லாரும் எண்ணியிருந்தோம்.

எல்லா அசதிக்கும் காரணம் இதுவே என்று சொல்ல வரவில்லை. தைராய்டு சுரப்பி மந்தமானாலும் சோர்வு வரும்; குளிர் தாங்காது. நாமோ பழியை மலைக் குளிரின் மேல் போட்டுவிடுவோம். சர்க்கரை நோய், இதயத் தளர்ச்சி, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, உறக்கமின்மை என்று காரணங்கள் பல. கணவரை இழந்த துயரமும், பேச ஆளில்லாத வீடும் உடலைத் தளரச் செய்வதுண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு மருத்துவமும் உண்டு. ‘வயதாகிவிட்டது’ என்பது இவற்றுள் எதற்கும் பெயரன்று.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டெனக் கூறுகிறது. இந்தக் கணக்கு 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களைப் பற்றியது. ஐம்பதைத் தொட்டவர் அதில் சேர்வதில்லை. தாய்மையை ஒட்டியே பெண்ணின் நலத்தை அளந்து பழகிய நமக்கு, அதற்குப் பிந்திய அவளது வாழ்வு எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு இன்னொன்றைக் கூறுகிறது. நம் நாட்டில் ஊதியமில்லா வீட்டு வேலை செய்கின்ற பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடங்கள். அவ்வேலை செய்கின்ற ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். தோட்ட வேலைக்கு ஓய்வு வயது உண்டு. அடுப்படிக்கு அது இல்லை.

இறைவாக்கினர் எலியாவை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். பாலைநிலத்தில் ஒரு நாள் வழி நடந்து, சூரைச் செடியின் கீழ் அமர்ந்து, போதும் ஆண்டவரே என்று அவர் சாவை வேண்டினார். வானதூதர் வந்து அவருக்கு நம்பிக்கையைப் பற்றி உரை நிகழ்த்தவில்லை. மனவுறுதி இல்லை என்று கடிந்துகொள்ளவும் இல்லை. தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டு, மறுபடியும் படுத்தார். தூதர் அதைத் தடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் செய்தார். அதன் பிறகே ஓரேபு மலைக்குப் பயணம். சாகவேண்டும் என்ற வேண்டுதலுக்கு விண்ணகம் அளித்த முதல் மறுமொழி உணவும் உறக்கமுமே. உடலைக் கவனிப்பது ஆன்மீகத்திற்குக் குறைவானது என்று கருதுவோர் இந்தப் பகுதியை மீண்டும் ஒருமுறை வாசிப்பது நலம்.

நம் வீடுகளில் அப்பம் கொடுத்துப் பழகிய கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. எல்லாரும் உண்ட பின் மீந்ததை உண்பதே தாய்மைக்கு அழகு என்று அவர்களுக்கு நாமே கற்பித்திருக்கிறோம். சோர்வைச் சிலுவையாக ஏற்றுக்கொள் என்று ஆறுதல் கூறுவது எளிது. நீக்கக்கூடிய ஒரு சுமையைச் சிலுவை என்று பெயரிட்டு இன்னொருவர் தோளில் விட்டுவைப்பது பக்தி ஆகாது.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. ஓர் இரத்தப் பரிசோதனை. உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்டுதல். கீரை, பயறு, முட்டை ஆகியவற்றில் ஒரு பங்கை முதலிலேயே அவர்களுக்கென்று எடுத்து வைத்தல். தண்ணீர்க் குடத்தை வீட்டிலுள்ள இளைஞன் தூக்குதல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து கொண்டு வீடு தேடி வருகின்றவரிடம், இந்த அசதியையும் வாய்விட்டுச் சொல்லுதல்.

உங்கள் தாயோ பாட்டியோ ‘வயசாச்சு’ என்று சொல்லி எழ முடியாமல் உட்காரும்போது, ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கடந்து போகாதீர்கள். அருகில் அமர்ந்து, “எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?” என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லி முடிக்கும்வரை எழுந்துவிடாதீர்கள்.