இரண்டு கிலோ தப்பு

நீங்கள் எப்போதாவது வட்டு எறிந்திருக்கிறீர்களா? கல்வராயன் மலையில் ஒரு சிற்றூரில், ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தடி தள்ளித் தொப்பென்று விழுந்தது. வாங்கிப் பார்த்தால், இரண்டு கிலோ! அது பெரிய ஆண்களுக்கானது. பெண்களுக்கு ஒரு கிலோதான். 2010 டெல்லி காமன்வெல்த்தில் கிருஷ்ணா பூனியா 61.51 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியதும் அந்த ஒரு கிலோவில்தான்.

"இது ஒண்ணுதான் சார் இருக்கு" என்றாள், தோளைத் தேய்த்தபடி.

நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கள்ளக்குறிச்சியில் கடைக்காரர் கேட்டார்: "ரிம் வெயிட் எவ்வளவு சார்?" விழித்தேன்.

விஷயம் இதுதான். எடை ஒன்றானாலும் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். உலோக விளிம்பில் எடை கூடினால் சுழற்சி நீடிக்கும். வட்டு ஆடாமல் தூரம் போகும். ஆனால், அதைச் சுழற்றிவிட விரலுக்குப் பழக்கம் வேண்டும். உங்கள் பிள்ளை இப்போதுதான் கற்கிறது என்றால், எடை நடுவிலும் பரவியிருப்பதை வாங்குங்கள். பக்கத்தட்டு மரமா, பிளாஸ்டிக்கா? மலையில் மழை அதிகம், பிளாஸ்டிக் ஊறாது. அதையே வாங்கினேன்.

முதல் வீச்சிலேயே வட்டு வேலியைத் தொட்டது. ஓடிப்போய் எடுத்து வந்தவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத்தன நாளா என் கையிலதான் பலம் இல்லன்னு நெனச்சிட்டு இருந்தேன் சார்."