மிளாக்கறி கேட்ட மாணவனுக்கு



அமெரிக்காவில் கொலராடோவில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தான். ஆரஞ்சுச் சட்டை, கையில் துப்பாக்கி, பக்கத்தில் எல்க் என்ற பெரிய மான். நம்ம ஊர் மிளாவை விடப் பெரிது.

போனில் விவரம் கேட்டேன். முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் வாங்க வேண்டுமாம். பல இடங்களுக்குக் குலுக்கலில்தான் லைசென்ஸ். அதற்கு ஏப்ரல் தொடக்கத்திலேயே விண்ணப்பம். ஆணா பெண்ணா, எந்தப் பகுதி, எந்தத் தேதி எல்லாம் அதில் எழுதியிருக்கும். கறியைக் காட்டில் வீணாக விட்டு வந்தாலும் குற்றம். ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான்.

பிறகு கேட்டான்: "பொங்கலுக்கு ராஜபாளையம் வர்றேன் சார். மாமா பையன்கள் மிளா வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறாங்க. லைசென்ஸ் எங்க வாங்கணும்?"

"எங்கேயும் கிடைக்காது தம்பி" என்றேன்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் வேட்டை லைசென்சுக்கு வழி இருந்தது. 1991 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். கண்ணி வைப்பதும், முயன்று தவறுவதும்கூட வேட்டைதான். கறி வைத்திருப்பதும் குற்றம். நம் மலை 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம் சிறை.

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அன்னைக்கு நீங்களும் சாப்பிட்டீங்களே சார்!"

எனக்குப் பேச்சு வரவில்லை.

1998-ல் ஒரு விசேஷ வீடு. இலையில் வைத்தது ஆட்டுக்கறி இல்லை என்று வாயில் வைத்ததுமே தெரிந்தது. சிறு வயதில் எங்கள் வீட்டில் மிளா உப்புக்கண்டம் தின்ற நாக்கு அல்லவா! தெரிந்தும் சாப்பிட்டேன். பக்கத்து இலையில் ஐந்தாம் வகுப்புப் பையனாக அவன். சார் சாப்பிடுகிறார் என்று அவனும் சாப்பிட்டான். அந்த வாரம்தான் வகுப்பில் காட்டைக் காப்போம் என்று பாடம் நடத்தியிருந்தேன். அவன் மனதில் நின்றது பாடம் அல்ல, இலை.

"அது நான் செய்த தப்பு தம்பி. அதை நீ செய்யாதே" என்றேன். சிறிது நேரம் கழித்து, "சரி சார்" என்றான்.

மிளா பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். புலிக்கு அதுதான் முக்கிய இரை. மிளா குறைந்தால் புலி தங்காது.

ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. யாராவது "மலைக்கறி வந்திருக்கு" என்று ரகசியமாகச் சொன்னால் வாங்காதீர்கள். வாங்க ஆள் இருப்பதால்தான் கண்ணி வைக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஆசை காட்டி அழைத்துப் போகாதீர்கள். வழக்கு வந்தால் பாஸ்போர்ட், வேலை எல்லாம் சிக்கல்.

பொங்கலுக்கு அவன் வரட்டும். வனத்துறை அனுமதிக்கும் இடத்துக்கு நானே கூட்டிப் போகிறேன். மிளா தண்ணீர் குடிப்பதைப் பார்க்கக் கிடைத்தால் அதுவே பாக்கியம்.

அன்புடன்,
உங்கள் சார்