பொம்மைக்கு வாய் வைத்த பிறகு

மரக்காணத்தைத் தாண்டித் தெற்கே வரும்போது உப்பளப் பாத்திகள் முடிந்து, வலப்புறம் கழுவெளி ஏரி விரிந்து, பிறகு குப்பங்கள் ஒவ்வொன்றாகத் தொடங்குகின்றன. புதுச்சேரிக்குச் சற்று முன்னால் பெரிய முதலியார்சாவடி. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே ஆரோவில் போகும் வழிகளும் கைவினைப் பொருள் கடைகளும். கிழக்கே இறங்கினால் மீனவர் வீடுகள். எனக்கு வேலை கிழக்குப் பக்கம் இருந்தது. சுனாமிகா பொம்மைகளைச் செய்த கைகளைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு அரிசி வந்தது, பாய் வந்தது, பழைய துணி மூட்டை மூட்டையாக வந்தது. படகு போயிற்று, வலை போயிற்று. மீன் இல்லாததால் பெண்களுக்குக் கூடை தூக்கும் வேலையும் இல்லை. கை சும்மா இருந்ததுதான் பெரிய கொடுமை என்று இன்றும் சொல்கிறார்கள். ஆரோவில்லில் உமா பிரஜாபதி 1997-ல் தொடங்கிய உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம் அந்தச் சமயத்தில் சுற்றுக் குப்பங்களின் பெண்களைக் கூட்டி உட்கார வைத்தது. முதலில் துக்கத்தைப் பேச வைப்பதே நோக்கம். பேசுகிறவர்களின் கைக்குக் கொடுக்கத் துணிக்கழிவு இருந்தது. அதிலிருந்து பிறந்தது கட்டைவிரல் அளவுப் பொம்மை, சுனாமிகா. அதை விற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். செய்த பெண்ணுக்குக் கூலி உண்டு, வாங்குகிறவருக்கு விலை கிடையாது. மனமுவந்து யார் யாரோ தந்த நன்கொடையில் திட்டம் ஓடியது. லட்சக்கணக்கில் பொம்மைகள் நாடு நாடாகப் போயின. அதன் கதை புத்தகமாகவும் பல மொழிகளில் வந்தது.

நான் போன வீட்டின் முன்கட்டில் பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். முன்பெல்லாம் இப்படி உட்கார மணல் இருந்தது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புகள் தெற்கிலிருந்து வரும் மணலை மறித்துவிட, வடக்கே இருக்கும் குப்பங்களுக்குக் கரை தேய்ந்துகொண்டே வருகிறது. சுனாமி ஒரே நாளில் செய்ததை இது வருஷக் கணக்கில் செய்கிறது. அதற்கு நிவாரண மூட்டை வருவதில்லை.

"பொம்மையா? அது கை மறக்குமா?" என்று எழுந்த அக்கா, உள்ளே போய்ப் பழைய புடவைக் கிழிசலும் ஊசி நூலும் எடுத்து வந்தார். ஒரு கீற்றை இறுக்கமாகச் சுருட்டி நடுவில் நூல் போட்டுக் கட்டினார். மேலே இருப்பது தலை ஆயிற்று. இன்னொரு சின்னச் சுருளைக் குறுக்கே வைத்துத் தைத்ததும் இரண்டு கைகள் நீண்டன. கறுப்பு நூல் முடி. கண்ணுக்கு இரண்டே தையல். அதுவரை வேகமாக ஓடிய விரல்கள் வாய்க்கு வந்ததும் நின்றுவிட்டன. தலையைச் சாய்த்துப் பார்த்தார், ஊசியை ஒரு நூலிழை தள்ளிக் குத்தினார், பிரித்தார், மறுபடி குத்தினார். "கோணினா அழுவுற மாதிரி ஆயிடும். அப்போ எங்க எல்லாத்துக்கும் அழுவுற வாய்தான் வந்துச்சு. சிரிக்கிற வாய் வரவே ரொம்ப நாளாச்சும்மா."

சிரிக்கிற வாய் வந்த நாளைப் பற்றி யாரும் என்னிடம் பெரிதாக விவரிக்கவில்லை. பேச்சு வேறு எங்கெங்கோ போயிற்று. மீன்பாடு இல்லாத நாட்கள், கருவாட்டு விலை, ஓடிவந்து தூக்கிக்கொண்ட பக்கத்து வீட்டுக் குழந்தை. கை வேலையாக இருக்கும்போது கண் கீழே இருக்கிறது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. சொல்லத் தயங்குவது அப்போதுதான் வாயில் வருகிறது. நோட்டை விரித்துக் கேள்வி கேட்டபோது ஒற்றை வரியில் பதில் சொன்ன அதே அக்கா, ஊசியில் நூல் கோத்த பிறகு நிறுத்தவேயில்லை.

எழுத்தாளர் கி. ராஜநாராயணன் தம் பிற்காலத்தை இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், புதுச்சேரியில்தான் கழித்தார். பல்கலைக்கழகத்துக்காகவும் தாமாகவும் அவர் திரட்டிய நாட்டுப்புறக் கதைகளில் பல இப்படி வேலைக்கு நடுவே வாழ்ந்த கதைகள். களை எடுக்கையில், நெல் குத்துகையில், திண்ணையில் பருத்தி பிரிக்கையில் சொன்னவை. சொல்கிறவர் பேச்சு எப்படியோ அப்படியே அச்சில் ஏறவேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தது, எழுதக் கற்றுக்கொள்கிற எவருக்கும் பாடம். எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் தாளையும் தலைப்பையும் கொடுத்து, எழுது என்கிறார்கள். முதலில் துணியையோ களிமண்ணையோ கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. செய்த பொருளுக்கு ஒரு முகம் இருக்கிறது. அது யார், எங்கே போகிறது என்ற கேள்வி தானாக எழும். கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சாலைக்கு மேற்கே கடைகளில் ஒவ்வொரு பொருளோடும் ஒரு சீட்டு தொங்குகிறது, செய்தவரைப் பற்றி நாலு வரியோடு. நல்ல எண்ணத்தில் எழுதியவைதான். ஆனால் அந்த நாலு வரியில் கைவினைஞர் எப்போதும் ஏழையாகவும் நன்றியுள்ளவராகவும் மட்டுமே இருக்கிறார். பொருளை அவர் செய்தார், கதையை வேறொருவர் எழுதிவிட்டார். சுனாமிகாவையும் உலகம் அறிந்தது புத்தகம் எழுதியவர்கள் சொன்ன கதையின் வழியாக. தைத்தவர்கள் ஒவ்வொரு பொம்மைக்கும் மனதில் வைத்திருந்த கதை என்ன?

அதைத்தான் கேட்டேன். "இவ யாருக்கா?"

கையில் இருந்ததைத் திருப்பிப் பார்த்தார். "இவளா? கூடை தூக்கிறவ. பாண்டிக்கு மீன் எடுத்துக்கினு போறா. பஸ்சுல ஏறுனா கண்டக்டர் நாத்தம் அடிக்குதுன்னு எறங்கச் சொல்றான்."

"எறங்கிட்டாளா?" என்றாள் பள்ளிச் சீருடையில் நின்ற பெண்.

"எறங்குவாளா? கூடையைக் கால்ல இடுக்கிக்கினு நிக்கிறா."

"இல்ல, எறங்கி முன்னாடி போயி பஸ்ச மறிச்சா," என்றார் இன்னொருவர். "நான் அப்படித்தான் ஒரு தடவ மறிச்சேன்."

"அது உன் கதை. இது இவ கதை."

"ரெண்டும் ஒண்ணுதான்டி."

சண்டை சூடு பிடித்தது. பஸ் புறப்பட்டதா, மீன் விற்றதா, கண்டக்டர் வீட்டில் அன்று என்ன குழம்பு என்று ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். சீருடைப் பெண் என் பேனாவை வாங்கிக்கொண்டு, எல்லா முடிவையும் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.