நான்காம் அச்சம்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் எழுவது உடலின்வழிப் புலப்படுவதே மெய்ப்பாடு என்று ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வருகிறோம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அவை எட்டு. ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்கள் நான்கு. அச்சம் பிறப்பது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினால். முதல் மூன்றை மாணவர் உடனே ஏற்பர். நான்காவதில்தான் கேள்வி எழும். காக்க வேண்டிய தலைவன் பேயோடும் புலியோடும் திருடனோடும் ஒரே வரிசையில் நிற்பது எப்படி?

அரசனின் சினத்தைச் சொல்லி அக்கேள்வியைக் கடந்துவிடலாம். ஆனால் குழந்தை மருத்துவம் பயிலும் எம் உறவுப்பெண் ஒருத்தியின் வாயிலாக, 2003இல் பிரிட்டனில் லார்டு லேமிங் அளித்த விசாரணை அறிக்கையைப் பற்றி அறிந்தபின், அச்சொல்லைக் காணும்போதெல்லாம் எமக்கு ஒரு சிறுமியின் நினைவே வருகிறது.

விக்டோரியா கிளிம்பியே ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்தவள். நல்ல கல்வி கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் அவளைத் தந்தையின் அத்தையுடன் அனுப்பி வைத்தனர். பாரிஸ் வழியாக 1999 ஏப்ரலில் லண்டன் வந்தாள். வேறொரு சிறுமியின் பாஸ்போர்ட்டில் அழைத்து வரப்பட்டதால் அங்கு அவள் பெயரும் அன்னா என்றாயிற்று. அவ்வாண்டு ஜூலையில், பத்து நாள் இடைவெளியில், இரண்டு மருத்துவமனைகளில் அவள் சேர்க்கப்பட்டாள்.

முதல் மருத்துவமனையில் அவளை முதலில் பார்த்த மருத்துவர், இவை யாரோ ஏற்படுத்திய காயங்கள் என ஐயுற்றார். மூத்த மருத்துவரோ அது சிரங்கு என்று முடிவு செய்தார். காவல்துறையின் பாதுகாப்பு விலக்கப்பட்டு மறுநாளே அவள் வீடு திரும்பினாள். இரண்டாம் முறை தலையிலும் முகத்திலும் வெந்நீர்க் காயங்களோடு வந்தாள். சிரங்கின் அரிப்பைத் தணிக்கவே வெந்நீரை ஊற்றியதாக அப்பெண்மணி காரணம் சொன்னார். ஒரு மருத்துவமனை அளித்த சொல்லே அடுத்த மருத்துவமனையில் கொடுமைக்குத் திரையாயிற்று.

அங்கே 13 இரவுகள் தங்கியிருந்தாள். குளிப்பாட்டிய செவிலியர் அவள் உடலில் பெல்ட்டின் கொக்கி பட்டது போன்ற தழும்புகளைக் கண்டனர். அப்பெண்மணி வந்தால் குழந்தை விறைத்து நிற்பதையும், நின்றவாறே சிறுநீர் கழித்துவிடுவதையும் கண்டனர். கண்டவற்றுள் பல நோயாளிக் குறிப்பேட்டில் ஏறவில்லை. அவள் மீண்டும் அதே கைகளில் ஒப்படைக்கப்பட்டாள். 2000 பிப்ரவரி 25 அன்று எட்டு வயதில் இறந்தாள். பிணக்கூறாய்வில் எண்ணப்பட்ட காயங்கள் 128. அவளைக் காத்திருக்கக்கூடிய வாய்ப்புகள் பன்னிரண்டேனும் இருந்தன என்றது லேமிங் அறிக்கை.

அச்செவிலியர் கண்டது மெய்ப்பாடு. அதிலும் 'தம் இறை' கண்டு பிறந்த நான்காம் அச்சம். கண்ணாலும் செவியாலும் திண்மையாக உணர்வார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் விளங்காது என்று அவ்வியலின் இறுதியில் தொல்காப்பியர் உரைக்கிறார். மருத்துவமனையில் அவ்விரண்டும் போதா. எழுதும் கையும் வேண்டும். ஒருவர் கண்டது எழுத்தில் ஏறாவிட்டால், அடுத்த பணிவேளையில் வருபவருக்கு அது நிகழாததே ஆகிவிடுகிறது.

மருத்துவர் இதனை எவ்வாறு வாசிக்கின்றனர் என்று எம் உறவுப்பெண்ணிடம் கேட்டோம். காயமும் அதற்குச் சொல்லப்படும் கதையும் பொருந்துகின்றனவா என்பதே முதற்கேள்வி என்றாள். கட்டிலிலிருந்து தானே உருண்டு விழுந்ததாகச் சொல்லப்படும் குழந்தைக்கு உருளும் பருவம் வந்துவிட்டதா? அடிபட்டவுடன் வந்தார்களா, இரண்டு நாள் கழித்தா? நேற்றைய கதையும் இன்றைய கதையும் ஒன்றா? ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் முன்னெற்றியிலும் காயம் இயல்பு. காது, கழுத்து, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் ரத்தம் கன்றியிருந்தால் நின்று யோசிக்க வேண்டும். 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதம் நிறையாத 366 குழந்தைகளுள் இருவருக்கு மட்டுமே அத்தகைய தடம் இருந்தது. நடமாடாத குழந்தைக்குத் தடம் வருவது மிக அரிது.

அவள் எச்சரிக்கையும் சொன்னாள். இடுப்பின் பின்புறம் நீலமாகத் தெரிவது பிறவி மறுவாக இருக்கலாம். ரத்தம் உறையாமை, எலும்பு நொறுங்கும் நோய் ஆகியவற்றையும் சோதித்தறிய வேண்டும். எடை குறைவதும் தடுப்பூசி தவறுவதும் புறக்கணிப்பாகலாம், வறுமையாகவும் ஆகலாம். பின்னதற்கு வேண்டுவது குற்றச்சாட்டு அன்று, உதவி. பிறந்த குழந்தையின் அழுகை இரண்டாம் மாதத்தில் உச்சத்தை எட்டும். உறக்கமிழந்த தாயோ தந்தையோ சினத்தில் குழந்தையைப் பிடித்துக் குலுக்கிவிடும் காலமும் அதுவே. 'தாங்க முடியாவிட்டால் பிள்ளையைப் பாதுகாப்பாகக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் தள்ளி நில்லுங்கள்' என்று தடுப்பூசி நாளில் சொல்லும் ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்தது என அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. மருத்துவமனையும் இதற்கு விலக்கன்று. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அடியும் பட்டினியும் போக்சோவின் எல்லைக்குள் வாரா. பொறுப்பிலுள்ளவர் குழந்தையைத் துன்புறுத்துவதும் வேண்டுமென்றே புறக்கணிப்பதும் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். 1098 என்ற எண்ணை யாரும் அழைக்கலாம்.

எனினும், பெற்றவரோ வளர்ப்பவரோ இப்படிச் செய்வர் என நம்ப மறுக்கும் மனத்தைச் சட்டம் மாற்றிவிடாது. 1962இல் ஹென்றி கெம்ப்பும் உடன் பணியாற்றியோரும் அடிபட்ட குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே மருத்துவரின் இத்தயக்கம் பேசப்பட்டுள்ளது. தொல்காப்பியருக்கு அத்தயக்கம் இருந்ததில்லை. காப்பவரே அச்சத்தின் பிறப்பிடமாகலாம் என்பதைக் கள்வரை அடுத்துத் தெளிவாக வைத்தார். இவ்வாண்டு அந்நூற்பாவை நடத்தும்போது அரசனோடு நிறுத்தாமல் விக்டோரியாவின் கதையையும் சொல்ல எண்ணியிருக்கிறோம். எம் மாணவருள் சிலர் நாளை பள்ளி ஆசிரியர் ஆவர். விறைத்து நிற்கும் ஒரு பிள்ளை அவர்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும்.